ஏரி மேல் ஒரு நகரம்

3. எம்டன் விழுங்கிய சரக்கு

சென்ற வாரம் கதையை நடுக்கடலில் நிறுத்தியிருந்தோம். 1914 அக்டோபர். ‘கிளான் கிராண்ட்’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் மினிக்காய் தீவுப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. அதன் அடித்தளத்தில், மற்ற சரக்கோடு சரக்காக, சென்னைக்குப் போய்ச்சேர வேண்டிய சில பெட்டிகள். உள்ளே தங்கம் இல்லை, துப்பாக்கி இல்லை. அத்தனையும் காகிதம். எதிரே ஒரு போர்க்கப்பல் நெருங்கி வருகிறது.

அதன் பெயரைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எம்டன்!

செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மன் கப்பல் அது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மறுநாளிலிருந்து மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தவர்கள் ஆயிரக்கணக்கில். அன்று குண்டு விழுந்ததற்கு அடையாளமாக உயர் நீதிமன்ற வளாகத்தின் சுவரில் பதித்த கல் இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கல்லைவிட உறுதியாக நின்றுவிட்டது சொல்தான். ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம் இல்லையா? அந்த ஒரு ராத்திரி நம் மொழிக்குக் கொடுத்த சொல் அது.

எம்டனின் கேப்டன் ஃபான் முல்லருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிடித்த கப்பலில் இருப்பவர்களை முதலில் பத்திரமாக இறக்கிவிடுவார். பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார். ‘கிளான் கிராண்ட்’டுக்கும் அதுதான் நடந்தது. ஆட்கள் பிழைத்தார்கள். கப்பல் அரபிக் கடலுக்குள் போனது. பெட்டிகளும் போயின.

அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது ஒரு கண்காட்சி. லண்டன், எடின்பரோ, டப்ளின், கெண்ட் என்று ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிய கண்காட்சி. ஒரு நகரம் எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, எதனால் நோயுறுகிறது, எப்படித் தேறுகிறது என்பதைப் படமும் வரைபடமுமாகச் சொல்லும் தட்டிகள் அவை. பல வருட உழைப்பு. அதைச் சேர்த்து வைத்தவர் வேறொரு கப்பலில் வந்து சென்னையில் இறங்கியிருந்தார். பெயர் பேட்ரிக் கெடெஸ். அறுபது வயது. கையில் ஒரு தட்டிகூட இல்லை.

சென்னை அவரை அழைத்ததே அந்தக் கண்காட்சிக்காகத்தான். இனி என்ன செய்வார்?

*

முதலில் யார் இந்த மனிதர் என்று பார்த்துவிடலாம்.

ஸ்காட்லாந்துக்காரர். படித்தது உயிரியல், வேலை பார்த்தது தாவரவியல் பேராசிரியராக. செடி கொடியைப் பார்த்த கண்ணாலேயே ஊரையும் பார்த்தவர். 1886-இல் கல்யாணமான கையோடு மனைவி அன்னாவை அழைத்துக்கொண்டு எடின்பரோ பழைய நகரத்தின் நெருக்கடியான குடியிருப்பு ஒன்றுக்குக் குடிபோனார். வசதியானவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். அங்கேயே இருந்து, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து சுவருக்கு வெள்ளையடித்து, இடிந்ததைச் சரிசெய்து, காலி இடம் கிடைத்தால் செடி வைத்து, ஒரு சந்தினை மெல்ல மெல்ல மீட்டார். இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவது அவருக்குப் பிடிக்காது. நோயாளியின் உடம்பில் எவ்வளவு குறைவாகக் கத்தி வைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக வைக்கும் மருத்துவரைப் போல ஊரைத் தொட வேண்டும் என்பார்.

அப்போது சென்னை கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபுவும் ஸ்காட்லாந்தில் வேர் கொண்டவர். கெடெஸை நன்றாக அறிந்தவர். சென்னை மாகாணத்து நகரசபைகளுக்கு இந்தப் புதிய கலையைக் கற்றுத் தர அவர்தான் அழைத்தார்.

பெட்டிகள் கடலுக்குள் போன செய்தி வந்தது. வேறு யாராக இருந்தாலும் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார்கள். உலகப் போர் மூண்டிருந்த நேரம், திரும்பிப் போக நல்ல காரணம். கெடெஸ் போகவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் கைவசம் இருந்த படங்களைத் தேடி எடுத்து அனுப்பினார்கள். கிடைத்ததை வைத்து மறுபடி தட்டிகள் தயாராயின. 1915 ஜனவரியில், சேப்பாக்கத்தில் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸில், நகரமைப்புக் கண்காட்சி திறக்கப்பட்டது. எம்டன் மூழ்கடித்து மூன்றே மாதம்.

எனக்கு இந்த மூன்று மாதம் முக்கியமாகப் படுகிறது. கண்காட்சி கைக்கு வருவதற்குள் கெடெஸ் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அன்றைய மாகாண நகரங்களைச் சுற்றத் தொடங்கியிருந்தார். காஞ்சிபுரம், தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர், பெல்லாரி, குண்டூர், பெஜவாடா. எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலை நடப்பது. சந்து சந்தாக, வெயிலில், வேர்க்க விறுவிறுக்க. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வீட்டுக்கு முன் மரம் இருக்கிறது, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள், எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே போவார். முதலில் கண்டறி, பிறகு திட்டமிடு. அவருடைய பாடம் இவ்வளவுதான்.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெருக்கமான தெருக்களை இடித்து, கோடு போட்டாற்போல நேரான சாலைகள் போட வேண்டும் என்ற யோசனை அப்போது இருந்தது. கெடெஸ் அந்தச் சந்துகளுக்குள் நடந்து பார்த்தார். பாழடைந்த வீடு ஒன்றிரண்டை எடுத்துவிட்டு அங்கே சிறு திடல் விடுங்கள், மரம் வையுங்கள், இருக்கிற சந்துகளைச் சற்றுத் திருத்துங்கள், போதும் என்றார். செலவும் மிகக் குறைவு. அதைவிட முக்கியம், குடியிருப்பவர்கள் தெருவுக்கு வர வேண்டியதில்லை.

*

இந்தத் தொடருக்கு அவரை ஏன் இழுத்து வந்தேன் என்றால், தண்ணீருக்காக.

அந்தக் காலத்துச் சுகாதார அதிகாரிகளுக்கு ஊருக்குள் இருக்கும் ஏரி, குளம் என்றாலே பயம். காரணம் இல்லாமல் இல்லை. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் வைத்துக் கண்டுபிடித்திருந்தார். கொசு தண்ணீரில் முட்டையிடுகிறது. ஆகவே தண்ணீரை மூடு. மாகாணம் மாகாணமாக இந்தக் கணக்குப் பரவியது. குளத்தைத் தூர்த்தால் கொசு ஒழியும், மேலே வீட்டு மனையும் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கெடெஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். இந்திய நகரங்களைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த அறிக்கைகளில் இந்த வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. கொசுவுக்குப் பயந்து குளத்தை மூடாதீர்கள். மீன் விடுங்கள், வாத்து விடுங்கள், புழுவை அவை தின்னும். கரையைச் சுத்தமாக வையுங்கள், மரம் நடுங்கள். குளம் ஊரைக் குளிர்விக்கிறது, கிணற்றுக்கு ஊற்றுக் கொடுக்கிறது, பெருமழையில் வருகிற வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. அவர் உயிரியல்காரர், கொசுவைப் பற்றி அவருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. கரையை உயர்த்தி, மதகு வைத்து, கலங்கல் கட்டி, ஓர் ஏரி நிறைந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும்படி நம் முன்னோர் அமைத்த முறையை ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து புரிந்துகொண்டார். அதை நமக்கே எடுத்துச் சொன்னார்.

சரி, அந்த நேரத்தில் சென்னையில் அப்படி என்ன ஏரி இருந்தது?

முதல் வாரத்தில் அந்த ஏரியின் கரையில் நின்றோம், நினைவிருக்கிறதா? நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, வில்லைப் போல வளைந்து கிடந்த நீர்ப்பரப்பு. நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் சேர்ந்தது. வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ‘லாங் டேங்க்’, நீண்ட ஏரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதில் படகுப் போட்டி நடந்திருக்கிறது. இன்று சட்டை எடுக்கவும் தோடு வாங்கவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடக்கிற இடத்தில் துடுப்புப் போட்டார்கள்! ஏரிக்கு மேற்கே மாம்பலம். வயலும் தோப்புமாக ஒரு கிராமம். 1911-இல் வந்த ரயில் நிலையம்தான் அதற்கு நகரத்து வாசனை.

கெடெஸின் கண்காட்சி செனட் ஹவுஸில் நடந்தபோது, நாலைந்து கிலோமீட்டர் தள்ளி அந்த ஏரியில் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் நின்றிருக்கும். ஜனவரி அல்லவா?

அந்த ஏரிக்கு இன்னும் எட்டே வருடம்தான் ஆயுள்.

*

கெடெஸ் விதைத்தது முளைத்தது. அதில்தான் சிக்கலே.

அவரோடு சேர்ந்து பணியாற்றிய கட்டடக் கலைஞர் லான்செஸ்டர், சென்னை நகரமைப்பைப் பற்றி 1918-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. நகரம் தன் வளர்ச்சியைத் தானே திட்டமிடலாம், மனை பிரிக்கலாம், சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் ஒதுக்கலாம் என்று சட்டம் அதிகாரம் கொடுத்தது. அதே ஆண்டு தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் தமக்கு வந்த முதல் மந்திரி பதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளாட்சித் துறை பனகல் அரசர் கைக்கு வந்தது. 1921-இல் அவரே முதல் மந்திரியானார். வெள்ளைக்காரர்களுக்கு நுங்கம்பாக்கத்திலும் அடையாற்றிலும் தோட்ட வீடுகள் இருந்தன. பெருகி வரும் நடுத்தரக் குடும்பங்கள் ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. 1921-இல் நகரத்தின் மக்கள் தொகை 5.26 லட்சத்துக்கு மேல். அடுத்த பத்தாண்டில் அது 6.47 லட்சத்தைத் தொட்டது. வீட்டுக்கு இடம் வேண்டும். நம்மவர் ஆட்சி, நம்மவருக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். அந்த ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. அதை நான் மனசாரச் சொல்கிறேன்.

இடம் எங்கே என்று தேடிய கண்ணில் ஏரி பட்டது.

1923-இல் முடிவெடுத்தார்கள். நீண்ட ஏரியின் கரையை உடைத்துத் தண்ணீரை வடித்தார்கள். ஏரிப் பரப்பும் சுற்று நிலமுமாகச் சுமார் 1,600 ஏக்கரில் மாம்பலம் வீட்டுமனைத் திட்டம் உருவானது. 1925 ஏப்ரலில் தியாகராயர் காலமானார். புதிய ஊருக்கு அவர் பெயர் நிலைத்தது: தியாகராய நகர்.

திட்டம் போட்டவர்கள் அரைகுறையாகப் போடவில்லை. நடுவில் ஒரு பூங்கா, பனகல் பார்க். அதிலிருந்து விசிறி போல விரியும் அகலமான சாலைகள். வடக்கு உஸ்மான் ரோடு, தெற்கு உஸ்மான் ரோடு, வெங்கட்நாராயணா ரோடு, தியாகராயா ரோடு, ஜி.என். செட்டி ரோடு. இன்னொரு பூங்காவுக்கு டாக்டர் நடேசனார் பெயர், ஒரு சாலைக்கு டாக்டர் டி.எம். நாயர் பெயர். நீதிக்கட்சி வரலாற்றைத் தெருப்பலகையிலேயே படித்துவிடலாம். கடைவீதிக்கு ஊ.பு.அ. சௌந்திரபாண்டியனார் பெயர் வைத்தார்கள். சௌந்திரபாண்டியன் பஜார் ஜனங்கள் வாயில் பாண்டி பஜார் ஆயிற்று. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் கிராமம் என்ற அடையாளம் கரைந்தது.

பூங்கா, அகலமான சாலை, மரநிழல் எல்லாம் கெடெஸ் தலைமுறையின் பாடம். நல்ல மாணவர்களாக அதையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டோம். குளத்தை மூடாதே என்று எழுதியிருந்த பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டோம். இந்த ஒரு தப்பைத்தான் இந்தத் தொடர் முழுக்கத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

அதோடு விட்டோமா? மிச்சமிருந்த வடபகுதியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்தது. நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ குடியிருப்பு எழுந்தது. கடைசித் துண்டின் மேல் வள்ளுவர் கோட்டம் எழுந்து, 1976 ஏப்ரலில் திறப்பு விழா கண்டது. நீரின்றி அமையாது உலகு என்று சொன்னவருக்கு ஏரியின் மேல் கோட்டம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் டேங்க் பண்ட் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. ‘ஏரிக்கரைச் சாலை’ என்று அர்த்தம். மேற்கு மாம்பலத்தில் ஒரு லேக் வியூ ரோடு. அதில் நின்று எந்தத் திசையில் திரும்பினாலும் மதில் சுவரும் பைக்கும்தான் தெரியும்.

*

இப்போது நூறு வருடம் தாண்டுவோம்.

2015 ஜூன் 25. மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தை அறிவிக்கிறது. நாடு முழுவதும் நூறு நகரங்கள். முதல் இருபது நகரங்களின் பட்டியல் 2016 ஜனவரி 28-இல் வருகிறது. அதில் சென்னையும் கோவையும் உண்டு. இரண்டு தேதிகளுக்கும் நடுவில், 2015 டிசம்பரில், சென்னை தன் வாழ்நாளில் மறக்க முடியாத வெள்ளத்தைப் பார்த்திருந்தது. நகரத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அதை முன்மாதிரியாக மாற்றிக் காட்ட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. சென்னை எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தது?

தியாகராய நகரை. பழைய ஏரியை.

2019 நவம்பர் 13-இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தை அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார். ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவு. அந்த மாலைகளில் போனவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விடுதலை என்று. காருக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன தெருவில் குழந்தைகள் ஓடின. பாட்டிமார் மரத்தடி இருக்கையில் உட்கார்ந்து கால் நீட்டினார்கள். பழைய மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றியே தளம் போட்டிருந்தார்கள். கெடெஸ் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நடப்பவனுக்குத் தெருவில் உரிமை உண்டு என்று இந்த நகரம் ஒப்புக்கொண்ட நாள் அது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டு வருடம் போயிற்று. 2021 நவம்பர் 6 இரவு மழை பிடித்தது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் எடுத்த கணக்கு 21 செ.மீ.

அந்தக் காலையிலிருந்துதான் இந்தத் தொடரின் முதல் வரியைத் தொடங்கினோம். நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கிரானைட் தளம் போட்ட நடைபாதை தண்ணீருக்கு அடியில். கார் ஏறாமல் தடுக்க நட்ட குட்டைத் தூண்களின் தலை மட்டும் வரிசையாக வெளியே தெரிகிறது. இறக்கிய ஷட்டருக்கு முன்னால் மணல் மூட்டை. ஒரு கடைப் பையன் பிளாஸ்டிக் வாளியால் உள்ளிருந்து தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றுகிறான். ஊற்றின தண்ணீர் அவன் முழங்காலைச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வருகிறது. சாலையெல்லாம் மோட்டார் சத்தம். மழை விட்டு நாள் கணக்கான பிறகும் தி.நகரின் பல தெருக்களில் தண்ணீர் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை? நடைபாதை போட்டவர்கள் மழைநீர் வடிகால் போடாமல் விட்டார்களா? போட்டார்கள். வடிகாலில் இறங்கிய தண்ணீர் எங்கோ ஒரு இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே? அந்த ‘எங்கோ’தான் கேள்வி.

கெடெஸ் உயிரோடு இருந்தால் நடந்தே போய்ப் பார்த்திருப்பார். நாமும் பார்க்கலாம். 1923-இல் ஏரியைக் கொன்றவர்கள் அதன் ஒரே ஒரு நரம்பை மட்டும் விட்டுவைத்தார்கள். வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் தொடங்கி, ஜி.என். செட்டி ரோட்டின் அடியில் புகுந்து, வீடுகளின் கொல்லைப்புறமாக நெளிந்து, நந்தனம் தாண்டி அடையாற்றில் விழுகிறது அது. நீளம் ஐந்தரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பெயர் மாம்பலம் கால்வாய். ஊர்க்காரர்கள் பலருக்கு அது சாக்கடை. நீண்ட ஏரி இருந்த இடத்தில் விழுகிற மழை கடலுக்குப் போக நம்பியிருக்கும் வழி அதுதான்.

அந்தக் கால்வாயைச் சீரமைக்கும் வேலையும் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இருந்தது. வேலையும் தொடங்கியிருந்தது. 2021 நவம்பர் மழை வந்தபோது அது பாதியில் நின்றது. கால்வாய்க்குள் இறங்கிப் பார்த்தவர்கள் கண்டது, தண்ணீர் போக விடாமல் குறுக்கே குவிந்து கிடந்த கட்டுமான இடிபாடுகளை.

அடுத்த வாரம் வள்ளுவர் கோட்டத்து வாசலில் சந்திப்போம். செருப்பை விட்டுவிட்டு ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். அடையாறு வரை நடக்க வேண்டியிருக்கிறது.

(தொடரும்)